டாங்கி திரும்பும்போது

ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது. 1965இல் விஜயந்தா, பிறகு டி-72, டி-90, அர்ஜுன் என்று அங்கே உருவான டாங்கி எதற்கும் காரைப் போல முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கத்துச் சங்கிலிப் பட்டையை வேகமாகவும் மறுபக்கத்துப் பட்டையை மெதுவாகவும் ஓட்டித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அப்போது தரையில் படிந்திருக்கும் பட்டையின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி எதிர்ப்பக்கமும் மண்ணை அரைத்துக்கொண்டு நகரும். முதல் அர்ஜுனின் எடை 58.5 டன், அத்தனையும் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்கு உராய்வை ஒரே எண்ணாக எழுதிவைக்கும் சிமுலேஷன் மென்பொருள் போதாது என்பது என் உறுதியான கருத்து.

பட்டையின் கண்ணி ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். அடியில் குறுக்குவாட்டில் ஒரு மேடு ஓடும். வண்டி முன்னே போகும்போது அந்த மேட்டின் முழு அகலமும் மண்ணைக் கவ்வும். பக்கவாட்டில் நழுவினால் அதே மேடு தன் நீளவாக்கில் மண்ணைக் கீறிக்கொண்டு போகும். பட்டையின் ஓரத்தில் மண் குவிந்து தடுக்கும். தார்ச்சாலைக்காக ரப்பர் திண்டு பொருத்தினால் இரண்டு பிடிப்புமே வேறாகிவிடும். எடை சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், திரும்பலைத் தடுக்கும் திருப்புத்திறன் என்பது பக்கவாட்டு உராய்வுக் கெழு, எடை, தரை தொடும் நீளம் ஆகியவற்றின் பெருக்கத்தில் நான்கில் ஒரு பங்கு. அதை வெல்ல வேண்டியது முன்னோக்கிய பிடிப்பு. ஆகவே வண்டி திரும்புமா என்பதில், நீளத்துக்கும் பட்டைகளின் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தோடு, இரு உராய்வுகளின் விகிதமும் சேர்கிறது. ஒரே எண் கொடுத்தால் இந்த விகிதம் எப்போதும் ஒன்றுதான். உருளல் தடையை ஒதுக்கிவிட்டால் மண்ணே கணக்கிலிருந்து மறைந்துபோகும்: ஈரக் களிமண்ணுக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தாருக்கும் ஒரே விடை வரும்.

இரு உராய்வுகளுக்கும் சராசரி எடுத்துச் சரிக்கட்டலாமே என்பார்கள். திரும்பலுக்குச் சரிக்கட்டிய எண், சரிவில் ஏறும்போது தவறும். கண்ணியின் ஒவ்வொரு மேட்டையும் மண் துகளையும் கணினியில் வரைந்துவிட்டால் திசைக்கேற்ற வேறுபாடு தானே வந்துவிடும் என்பது வலுவான வாதம். ஒரு கண்ணிக்கு அப்படிச் செய்துதான் இரு திசைகளுக்குமான எண்களைப் பெற வேண்டும்; ஆனால் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் முழு வண்டியும் நொடி பிசகாமல் ஓடியாக வேண்டும், அங்கே துகள் கணக்குக்கு நேரமில்லை. விளையாட்டுகளுக்குப் பயன்படும் யூனிட்டி, 5ஆம் பதிப்பில் திசைக்கொரு உராய்வு எண் கொடுக்கும் வசதியையே கைவிட்டது. விளையாட்டுக்கு அது பெரிய இழப்பில்லை. ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின், மூஜோகோ போன்ற சிமுலேஷன் மென்பொருள்கள் இன்றும் இரு எண்களை ஏற்கின்றன.

இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இரு திசைகளிலும் தனித்தனியாக உச்சவரம்பு வைத்தால், எண்கள் சமமாக இருந்தாலும் மூலைவாட்டில் உராய்வு 1.41 மடங்காக வீங்கும். வரம்பு நீள்வட்டமாக இருக்க வேண்டும். அந்த நீள்வட்டத்தின் அச்சு தரையோடு நிற்காமல் கண்ணியோடு சேர்ந்து சுழல வேண்டும். அப்படி எழுதியபின் மூலைவாட்டில் நழுவும் கண்ணியில் உராய்வு விசை நழுவலுக்கு நேர் எதிராக நிற்காது, பிடிப்பு அதிகமுள்ள திசைப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஆற்றல் அப்போதும் குறைந்துகொண்டேதான் இருக்கும். சோதிப்பவர் அந்தச் சாய்வைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது.