ஒரு மூட்டை யூரியாவும் டெல்லியில் எழுந்த சத்தமும்

போன வாரம் வாடிப்பட்டி ரோட்டில் உள்ள உரக்கடைக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை நிற்கிறது, அதற்குக் கொஞ்சம் பொட்டாஷ் வேண்டியிருந்தது. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 காசு. எங்கள் காலத்தில் 50 கிலோ. விலையை ஏற்றாமல் மூட்டையைச் சுருக்கியது நல்ல யோசனைதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அங்கே ஒரு தம்பியைப் பார்த்தேன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவனைப் பார்த்ததும் 1991 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். எழுத்தர் என்று பெயர். கடன் மனு எழுதுவது, உர மூட்டை எண்ணுவது, ரசீது போடுவது எல்லாம் நான்தான். நம் பக்கம் பெரியாறு பாசனத்தில் இருபோகப் பகுதி. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இரண்டு வெள்ளாமை, அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒன்றுதான். ஜூலை கடைசி என்றால் முதல் போகம் நட்டு வேர் பிடித்து மேலுரத்துக்குக் காத்திருக்கும் நேரம். யூரியா அன்றைக்கு இல்லையென்றால் பத்து நாள் கழித்துக் கிடைத்துப் பிரயோஜனமில்லை.

நாடு இருந்த நிலைமை உங்களுக்கு நினைவிருக்கும். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூனில் நரசிம்ம ராவ் பிரதமரானார், இங்கே ஜெயலலிதா முதல்வரானார். அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்றார்கள். ரூபாயின் மதிப்பை ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தடவை குறைத்தார்கள். ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் இங்கிலாந்துக்குக் கப்பலில் இல்லை, விமானத்தில் போனது. எங்கள் சங்கத்தில் நகைக்கடன் வாங்க வரும் பெண்கள், "கவர்மெண்டே அடகு வச்சிருச்சாம்ல, நாங்க வச்சா என்ன?" என்று கேட்டார்கள்.

ஜூலை 24, புதன்கிழமை. அந்தக் காலத்தில் பட்ஜெட் சாயங்காலம் 5 மணிக்குத்தான் வாசிப்பார்கள். நிதியமைச்சர் மன்மோகன் சிங். இரவு ரேடியோவில் கேட்டேன்: உர விலை சராசரியாக 40 சதவீதம் உயர்வு, உடனே அமல். ரேஷன் சர்க்கரைக்கு இருந்த மானியம் ரத்து. கேஸ், பெட்ரோல் விலையும் கூடியது. பத்து வருஷமாக ஏறக்குறைய அசையாமல் இருந்த உர விலை அது. டன் 2,350 ரூபாயாக இருந்த யூரியா 3,300 ஆனது. மூட்டைக்குச் சொன்னால் 117.50 இருந்தது 165. உள்ளூர் வரி தனி.

காரணம் இல்லாமல் அவர் செய்யவில்லை. உர மானியத்துக்கு மட்டும் வருஷத்துக்கு நாலாயிரம் கோடிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நிதிப் பற்றாக்குறை நாட்டின் உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல். அதை ஒரே வருஷத்தில் 6.5 சதவீதத்துக்கு இறக்கப் பார்த்தார். கடன் கொடுப்பவனிடம் போய் நிற்கும்போது முதலில் வீட்டுச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். சங்கத்தில் உட்கார்ந்து கடன் மனு எழுதிய எனக்கு அது புரிந்தது. ஆனால் மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வெளியே நின்றவர்களிடம் அதையெல்லாம் சொல்ல முடியவில்லை. "நேத்து சாயங்காலம் வந்திருந்தா 117 ரூபா. ராத்திரி தூங்கி எந்திரிச்சதுக்கு 47 ரூபாயா?" என்று ஒருவர் கேட்டார். என்ன பதில் சொல்வது?

டீக்கடையில் பேச்செல்லாம் டெல்லியில் யார் கேட்பார்கள் என்பதுதான். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்கே போயிருந்தன. நம் ஊரிலிருந்து லோக்சபாவில் எதிர்வரிசையில் உட்கார ஒரு ஆள் இல்லை. "எல்லாரும் அந்தப் பக்கமே உக்காந்திருந்தா எந்திரிச்சுக் கேக்குறது யாரு?" என்று கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் கேட்டார்கள். இடதுசாரிகள், ஜனதா தளம், பா.ஜ.க. என்று ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் உர விலையில் ஒன்றாக நின்றார்கள். உலக நிதியம் எழுதிக் கொடுத்த பட்ஜெட் என்றார்கள். அதைவிட ஆச்சரியம், காங்கிரஸ் உறுப்பினர்களே சொந்தக் கட்சிக் கூட்டத்தில் நிதியமைச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். கிராமத்தில் ஓட்டு வாங்கி வந்தவர்கள் அல்லவா. ராவ் அரசுக்கு அப்போது சொந்தப் பெரும்பான்மை கிடையாது. பட்ஜெட் சபையில் தோற்றால் அரசாங்கமே கவிழ்ந்துவிடும். அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி மன்மோகன் சிங் சபையில் இறங்கி வந்தார். 40 சதவீதம் 30 ஆனது. சிறு, குறு விவசாயிகளுக்கு உயர்வே கிடையாது, பழைய விலைதான். ரேஷன் சர்க்கரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்காகச் சத்தம் போட்டவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். சர்க்கரை ஆலை இருந்த ஊர்க்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மூட்டை 165 இருந்தது 153 ஆனது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி, அவர்களுக்கு 117.50. பேப்பரில் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே மூட்டைக்கு இரண்டு விலை போட்டு விற்கிற தலைவலி என் மேஜைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எவ்வளவு நிலம் என்று எப்படித் தெரியும்? சிட்டா வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும்.

எனக்குத் தூரத்து உறவில் ஒரு மாமா. மதுரையில் வக்கீலாக இருந்த ஒருவரின் நாலு ஏக்கரைப் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். வாய்ப் பேச்சுக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் பதியப் போகிறேன் என்று வாய் திறந்தால் அடுத்த வருஷம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் வந்து பணத்தை மேஜைமேல் வைத்தார். ரெண்டு மூட்டைக்கு 235 ரூபாய், எண்ணி, மடித்து.

"மாமா, சிட்டா இருக்கா?"

"என்ன தம்பி, என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரியும். அவர் வயலில் எந்த மூலையில் தண்ணீர் நிற்காது என்பது வரை தெரியும். ஆனால் தணிக்கைக்கு வருபவருக்குத் தெரியாதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இருப்புக் கணக்கில் மூன்று மூட்டை குறைந்ததற்கு என் சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். மாமா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. 153 ரூபாய்க்கு ஒரே ஒரு மூட்டைக்கு ரசீது போடச் சொன்னார். மீதியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து வக்கீலின் ஆள் வந்தான். கையில் சிட்டா, கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக. நாலு ஏக்கர் பட்டாதாரர். ஆக, மதுரையில் கருப்புக் கோட்டு போட்டவர் சிறு விவசாயி. பழைய விலைக்கு ஆறு மூட்டை கொடுத்தேன். மறுக்க எனக்கு வழியில்லை. அதில் இரண்டை அந்த ஆள் மாமாவிடமே 140 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். மாமாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். "153க்கு 140 பரவாயில்லையே தம்பி. மூட்டைக்கு 13 ரூபா மிச்சம்."

கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் கதை வேறு மாதிரி போனது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று உர விலையை ஆராய்ந்து சொன்னபடி, 1992 ஆகஸ்ட் 25 அன்று டி.ஏ.பி., பொட்டாஷ் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். யூரியாவுக்கு மட்டும் 10 சதவீதம் குறைத்தார்கள். மூட்டை 138க்கு வந்தது. பொட்டாஷ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எல்லோரும் யூரியாவையே அள்ளிப் போட்டார்கள். பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். காற்றடித்தால் சாய்ந்துவிடும், புகையான் விழும். சாம்பல் சத்தும் போடுங்கள் என்று நான் சொன்னால், "நீங்க காசு குடுங்க, போடுறோம்" என்பார்கள். அதுவும் நியாயம்தான். டெல்லியில் யூரியாவுக்கு எழுந்த சத்தம் பொட்டாஷுக்கு எழவில்லை.

அதற்காக அந்தச் சத்தம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டைக்கு 12 ரூபாய் எல்லோருக்கும் குறைந்தது. பட்டா இருந்த சிறு விவசாயிகள் எங்கள் சங்கத்தில் எத்தனையோ பேர் அந்த வருஷம் பழைய விலைக்கு வாங்கிப் போனார்கள். என் அப்பாவும் ஒருவர். அவர் சிட்டாவைக் கொடுத்தபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீது போட்டேன்.

மாமா 2004இல் காலமாகிவிட்டார். போன வாரம் உரக்கடையில் நான் பார்த்தது அவருடைய மகனை. அதே நிலம், அதே வாய்ப் பேச்சுக் குத்தகை. வக்கீலுக்குப் பதில் இப்போது அவர் மகள். கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி மெஷினில் விரலை வைத்தான், மூட்டை வந்துவிட்டது. நிலம் யார் பேரில் என்று யாரும் கேட்கவில்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தான்.

"மாப்ள, நீங்க சங்கத்துல இருந்தவரு, உங்களுக்குத் தெரியும். இப்ப விவசாயிக்கு அடையாள எண்ணுன்னு ஒண்ணு குடுக்குறாங்க. அதுக்குப் பட்டா கேக்குறாங்க. யாரைப் போய்ப் பார்க்கணும்?"

நாளைக்குக் காலையில் அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.