டேப்லெட்டில் இசை: எத்தனை ஜிபி வேணும்?

போன பொங்கலுக்கு மேலூர் பக்கம் எங்க ஊர்ல அப்பத்தா தாலாட்டு பாட, டேப்லெட்ல பதிவு பண்ணேன். பாதியிலேயே இடமில்லைன்னு நின்னுடுச்சு. 128 ஜிபி வாங்கிடலாமா? பி.காம் புத்தி கணக்குப் போட்டுச்சு.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோன்னா நிமிஷத்துக்கு 8.64 எம்பி. 4 நிமிஷப் பாட்டு, 8 டிராக்: சுமார் 276 எம்பி. மூணு டேக் எடுத்தாலும் 830. பத்துப் பாட்டுக்கு 8.3 ஜிபி. ஆப்புக்கும் வாத்திய ஒலிகளுக்கும் இன்னும் சில ஜிபி. அவ்ளோதான்!

அப்ப என் 32 ஜிபியைத் தின்னது? சினிமாவும் வாட்ஸ்அப் வீடியோவும். அழிச்சேன். மிச்சக் காசுல மைக் வாங்கினேன். முடிஞ்ச பாட்டை பென்டிரைவுக்கு மாத்திடுறேன்.

அப்பத்தா மறுபடி பாடுச்சு. ஆனா அன்னிக்கு மாதிரி வரலை. முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க மக்களே, அப்புறம் பாடச் சொல்லுங்க.