குளிரைத் தேடிப் போன பிலிம்

தமிழின் முதல் படம் எது என்று கேட்டால் பலரும் 1931இல் வந்த 'காளிதாஸ்' என்பார்கள். அது பேசும் படம். அதற்குப் பல வருஷம் முன்பே, 1917-18 வாக்கில், ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தைச் சென்னையில் எடுத்துவிட்டார். கார் உதிரிபாக வியாபாரம் செய்தவர். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ போட்டார். சுமார் 35,000 ரூபாய் செலவு. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. படம் பிடித்தது சென்னையில். பிலிமைக் கழுவியது பெங்களூரில்! சென்னை வெக்கை பிலிமுக்கு ஆகாது என்று அங்கே ஒரு லேப் வைத்தார். உதவிக்கு நாராயணசாமி ஆச்சாரி. வாரக் கடைசியில் முதலியார் நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்விடுவாராம்.

இதன் அருமை எனக்குத் தெரியும். ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைப்பதற்கு முன், கெலமங்கலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருந்தால் நல்லது. சூடு ஏறினால் பிலிம் மேலிருக்கும் ஜெலட்டின் இளகும். அதிகமானால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், முகமும் அதோடு போகும். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் கவலையே இல்லை. சித்திரை வந்தால்தான் பாடு. முதலாளி விடியற்காலை நாலு மணிக்கே என்னை எழுப்பிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கச் சொல்வார். தட்டில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு குடம் கொண்டா தம்பி" என்பார். தெர்மாமீட்டர் இருந்தது, அவர் விரலைத்தான் நம்பினார். கல்யாண பிலிமைக் கெடுத்தால் அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்?

'கீசக வதம்' ஓர் அடி கூட இன்று இல்லை. அந்தக்கால நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் மக்கிப்போகும். முதலியார் இன்னும் சில புராணப் படங்கள் எடுத்தார். தீ விபத்தும் மகனின் இழப்பும் சேர்ந்து, 1923இல் தொழிலை விட்டே விலகிவிட்டார்.

எங்கள் முதலாளி காலமான பிறகு, வீட்டார் நெகட்டிவ் பெட்டிகளை வெள்ளி எடுப்பவனிடம் எடைக்குப் போட்டார்கள். தடுக்க எனக்கு என்ன உரிமை? கெஞ்சிக் கேட்டு ஒரு பிஸ்கட் டின் அளவுக்கு வாங்கி வந்தேன். எல்லாம் கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைக் கல்யாணங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்த முகமும் வெள்ளை முடியுமாகத் தெரிகிறார்கள். பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. 1970களில் இந்தப் பக்கம் கல்யாணம் ஆனவர்கள் யாராவது ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். டின் ஜன்னல் ஓரமாகத்தான் இருக்கிறது.