கடல் தாண்டிய கண்ணீர்

நம் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பாரதியார், பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களை எண்ணி உள்ளம் உருகிப் பாடினார். 1903 முதல் சென்னையிலிருந்தும் அத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். பலரை ஏற்றியது ஆசை வார்த்தையே. 1920-இல் அவ்வொப்பந்தங்கள் ரத்தாயின. ஆசை வார்த்தையோ ஓயவில்லை! 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், மியான்மரில் அடைக்கப்பட்டு இணைய மோசடிக்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஒரு நாட்டில் ஆள்பிடித்து, மற்றொன்றில் அடைத்து, வேறொரு நாட்டாரின் பணத்தைப் பறிக்கும் கும்பலை எந்த அரசும் தனித்து அடக்க இயலுமா? அதனாலன்றோ ஐக்கிய நாடுகள் சபை 2000-இல் ஆள்கடத்தலுக்கு எதிரான உடன்படிக்கை கண்டது. இந்தியா 2011-இல் அதை ஏற்றது. தோழியரே, அண்ணனை வெளிநாடு அனுப்பத் தரகரை நம்பியிருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. “முதலாளி யார்? கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும்?” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பெரியோர் தயங்கினாலும் நாம் கேட்போம்.