மூச்சை அடக்கி ஆடும் ஆட்டம்

கணினி விளையாட்டைப் பற்றி இங்கு எழுத நேருமென்று நான் எண்ணியதில்லை. "மாமா, நாலு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும், ஒருக்கா விளையாடிப் பாருங்கோ" என்று வவுனியாவிலுள்ள மருமகன் மடிக்கணினியைக் கையில் தந்ததன் விளைவு இது.

விளையாட்டின் பெயர் 'டிட்டென்ஷன்'. தாய்வானின் ரெட் கான்டில் கேம்ஸ் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்டது. 'பாடசாலைக்குத் திரும்புதல்' என்பது சீனப் பெயரின் பொருள். 2019இல் திரைப்படமாகவும் வந்தது. கதைக்களம் 1960களின் தாய்வான். 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள் அங்கு இராணுவச் சட்டம் நிலவியது. தடைசெய்யப்பட்ட நூல்களை இரகசியமாக வாசித்த பாடசாலைக் குழுவொன்று காட்டிக்கொடுக்கப்படுகிறது. புயலில் வெறிச்சோடிய அந்தப் பாடசாலையில், பெரும்பகுதி நேரம், ஒரு மாணவியாக நாம் நடக்கிறோம்.

இதன் பெரும்பலம், நம் கையில் ஆயுதம் இல்லாமை. ஆவி நெருங்கினால் மூச்சை அடக்கியபடி அதைக் கடந்துசெல்ல வேண்டும். நெடுநேரம் அடக்கவும் இயலாது. சில இடங்களில் சோற்றுக் கிண்ணமொன்றைப் படைத்துவிட்டு விலகலாம். அவ்வளவுதான். அடக்குமுறையின் கீழ் வாழ்வதென்றால் என்னவென்று நூறு பக்கங்களில் எழுதுவதை இந்த ஒரு விதி உணர்த்திவிடுகிறது. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அளந்து பேசிப் பழகிய வன்னி மக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

குறைகளும் உண்டு. புதிர்கள் எளியவை. பிற்பகுதியில் ஆவிகள் ஏறத்தாழ மறைந்துவிட, அச்சம் தளர்ந்து, விளையாட்டு வெறும் கதைசொல்லலாகிவிடுகிறது.

என்னை உறுத்திய குறை வேறு. (விளையாட எண்ணியிருப்போர் இப்பந்தியைத் தவிர்க்கலாம்.) காட்டிக்கொடுத்தவள் அந்த மாணவியேதான். காதலும் பொறாமையும் காரணங்கள். அவள் நேசித்த ஆசிரியர் மரணதண்டனைக்கு உள்ளாகிறார். இறுதியில் அவளது நிழலே அவளிடம் கேள்விகள் கேட்கிறது. உண்மையை ஏற்றால் ஒரு முடிவு, மறுத்தால் அதே நரகச் சுழல். சிறுமியின் மனச்சாட்சி இத்தனை விரிவாக விசாரிக்கப்படுகிறது. பட்டியலைப் பெற்ற அதிகாரியையும் தண்டனை விதித்த அரசையும் எந்த நிழலும் இப்படி விசாரிப்பதில்லை.

காட்டிக்கொடுத்தவர் என்ற சொல்லின் கனம் நாமறிந்தது. யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அயலவரை அயலவர் ஐயுறவைக்கும் சொல் அது. அந்த ஐயம் நீடிக்கும்வரை, உண்மையில் பதில்சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாக உறங்கலாம்.

இவ்விளையாட்டு வெளிவந்த மறுமாதம், 2017 பெப்ரவரி 20 அன்று, கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினர். காட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்க அவர்கள் அங்கு அமரவில்லை. 2009 மே மாதத்தில் தம் கைகளாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்றே கேட்டனர். டிட்டென்ஷன் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

கணினி கற்ற நம் பிள்ளைகள் என்றேனும் இத்தகைய விளையாட்டொன்றை ஆக்கக்கூடும். மூச்சை அடக்கும் அந்த விதியைத் தாராளமாகக் கடன் வாங்கட்டும். விசாரிக்கப்பட வேண்டியவர் யார் என்பதை மட்டும் அந்தத் தாய்மாரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.