மலிவு விலையில் ஒரு பேஸ் கிற்றார்

இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்ற பணத்தோடு, மகனுக்கு மின் பேஸ் கிற்றார் வாங்கக் கிளிநொச்சிக்குச் சென்றோம். 1951இல் அமெரிக்கரான லியோ பெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த நான்கு தந்திக் கருவியின் வழிவந்த மலிவுச் சரக்கொன்று அங்கிருந்தது. கடைக்காரர் ஒலிபெருக்கியில் இணைக்க முற்பட்டார், பொறுக்கச் சொன்னோம். பேரொலி குறையை மறைத்துவிடுமன்றோ!

முதலில் கழுத்தை நீளவாக்கில் நோக்கினோம். அது முறுகியிருந்தால் பணம் வீண். முறுக்கில்லை. முதல் மெட்டுக்களில் மட்டும் தந்தி கறகறத்தது. கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியைச் சற்றுத் தளர்த்தினால் தீரும் குறை அது. 12ஆம் மெட்டில் மெல்லத் தொட்டெழுப்பிய சுரமும் அழுத்தியெழுப்பிய சுரமும் ஒத்தன.

பின்னரே மின் இணைப்பு. மகன் தடித்த தந்தியை மீட்டினான்; நாதம் செவியைவிட நெஞ்சிலே பலமாய் விழுந்தது. பணமுடிச்சை அவிழ்த்தோம்.