வெளிக்கிட முன் அரை மணித்தியாலம்



ஊரிலிருந்து புதிதாக வந்த பெடியள் ரொறொன்ரோவில் என்னைச் சந்தித்தால், "அண்ணை, ட்ரக் லைசென்ஸ் எடுக்கட்டோ?" என்று கேட்கிறார்கள். மைலுக்கு எத்தனை சதம், எத்தனை நாள் வீட்டைவிட்டு நிற்கவேணும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வண்டியை அசைக்க முன் என்ன செய்யவேணும் என்று கேட்பவர் அரிது. இந்த மடல் அதைப் பற்றியது.

ஒன்ராறியோச் சட்டப்படி, ட்ரக்கைச் சுற்றிப் பார்த்து 24 மணித்தியாலம் கடந்துவிட்டால் மறுபடி பார்க்காமல் ஓட்டக் கூடாது. கண்ட குறைகளை எழுதிய அறிக்கையும், எது சிறு குறை, எது பெருங்குறை என்று பிரித்துச் சொல்லும் அட்டவணையும் வண்டிக்குள் இருக்கவேண்டும். சிறு குறையென்றால் கொம்பனிக்கு அறிவித்துவிட்டு ஓடலாம். பெருங்குறையென்றால் திருத்தி முடியும்வரை வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். இப்படிச் சுற்றிப் பார்ப்பதை நாங்கள் 'சேர்க்கிள் செக்' என்போம்.

ஒயில், பெல்ற், லைற் பார்ப்பதெல்லாம் கார் வைத்திருப்பவருக்கும் தெரிந்த வேலை. சக்கரத்துக்கு வந்தால்தான் ட்ரக்கின் சங்கதி தொடங்குகிறது. ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொரு நட்டாகப் பார்க்கவேண்டும். நட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகக் கறள் கோடு இழுத்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கலாம். ஆடுகிற நட்டடியில் இரும்போடு இரும்பு உரசி, ஈரம் புகுந்து கறள் பிடிக்கிறது. சக்கரம் சுழலும் வேகம் அதை வெளியே இழுத்துவிடுகிறது. பக்கத்தில் பளபளவென்று தேய்ந்த உலோகமும் தெரிந்தால் மெக்கானிக் வரும்வரை வண்டியைத் தொடக் கூடாது.

1990களின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் ட்ரக்குகளிலிருந்து கழன்ற சக்கரங்கள் கார்களில் மோதி ஆட்கள் இறந்தார்கள். 1997இல் மாகாண அரசு சட்டத்தை இறுக்கியது. ஓடும்போது சக்கரம் கழன்றால் 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. கொடுமையான சட்டம் என்று சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. 401 நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு என் நட்டின் கறள் தெரியப் போவதில்லை.

அடுத்தது காற்று. கார் பிறேக் எண்ணெயில் வேலை செய்கிறது. எங்கள் பிறேக் அழுத்திய காற்றில். தொட்டி நிறைந்தால் மானி சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலைத் தாண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிற்பாட்டி, சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பிறேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்குவோம். 55 இறாத்தலுக்குக் கீழே போக முன்னரே எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும். இன்னும் இறக்கினால், 45க்கும் 20க்கும் இடையில் முன்பலகையிலுள்ள மஞ்சள், சிவப்புக் குமிழ்கள் 'டப்'பென்று தாமாக வெளியே பாயும். அதுவரை காற்று அமுக்கி வைத்திருந்த தடித்த ஸ்பிரிங் விடுபட்டு, சக்கரத்தை இறுக்கிவிடும். காற்று முழுக்கப் போனாலும் வண்டி நிற்கவேண்டும் என்று யோசித்துச் செய்தவருடைய கெட்டித்தனத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன்.

ஆனால் மானியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் பின்னாலுள்ள காற்றறையிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து பிறேக்கை இயக்குகிறது. பிறேக் தேயத் தேய அந்தத் தண்டு கூடுதல் தூரம் ஓடவேண்டும். 30ஆம் இலக்கச் சாதாரண அறையில் ஓட்டம் 2 அங்குலத்தைத் தாண்டினால் அது பெருங்குறை. யாட்டுக்குள் மெல்ல மிதித்தால் வண்டி நல்லபிள்ளையாக நிற்கும். ஓட்டுநரின் காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 36 தொன்னோடு நீண்ட இறக்கத்தில் போகும்போது பிறேக் ட்ரம் சூடேறி விரியும், தண்டு இன்னும் தூரம் ஓடவேண்டிவரும், அதற்கு மேல் ஓட இடம் இராது. அதனால்தான் கீழே புகுந்து அளந்து பார் என்று பெடியளுக்குச் சொல்கிறேன். தானாகச் சரிசெய்யும் கருவி பூட்டியிருக்கிறது என்று நம்பி விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

ட்ரெயிலர் கொழுவிய இடத்தில் பூட்டு முழுக்க மூடியிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒருமுறை முன்னே இழுத்தும் பார்க்கவேண்டும். மாசிக் குளிரில் இன்னும் கவனம் வேண்டும்: தொட்டிக்குள் தேங்கிய ஈரம் காற்றுக் குழாயில் உறைந்துவிடும். ஈரத்தோடு நிறுத்திய ட்ரெயிலரின் பிறேக் ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் உருளாமல் இழுபடும்.

சுமையையும் பார்க்கவேண்டும். வெளிக்கிட முன் ஒருமுறை, முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறை, பிறகு 3 மணித்தியாலத்துக்கோ 240 கிலோமீற்றருக்கோ ஒருமுறை என்பது விதி. 2018 ஏப்ரல் 6ஆம் திகதி சஸ்கச்சுவானில், ஹம்போல்ட் நகரத்து ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். 'நில்' பலகையைத் தாண்டி வந்தது ட்ரக். பின் ட்ரெயிலரில் அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயைக் கண்ணாடியில் பார்த்துக் கவனம் சிதறியது என்று அந்த ஓட்டுநர் சொன்னதாக வழக்கில் பதிவாகியிருக்கிறது. விபத்துக்கு அது மட்டும் காரணமல்ல. ஆனாலும் நான் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்ய அரை மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் கொம்பனியிலிருந்து போன் வந்துவிடும்.

"அண்ணை, இன்னும் யாட்டிலயோ நிக்கிறியள்? ஏழு மணிக்கெல்லோ சாமான் இறக்கவேணும்."

"ட்ரெயிலர் பிறேக்கில காத்து சீறுது, தம்பி. ஆளைக் கூப்பிட்டிருக்கிறன்."

"போய் வந்து பாப்பமே?"

"இல்லைத் தம்பி. பாத்திட்டுத்தான் எடுப்பன்."

அந்தத் தம்பியிலும் பிழை சொல்லமுடியாது. அவனுக்கு மேலே இன்னொருவர் நெருக்குகிறார். மைல் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குப் பல இடங்களில் இந்த அரை மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே குளிருக்குள் இறங்காமல், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தபடியே 'குறை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பார்க்காமல் போடுகிற கையெழுத்து பொய். அந்தப் பொய்யைச் சொல்லவைப்பது கூலி கொடுக்காத கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்வையிடும் நேரம் வேலை நேரமாகத்தான் பதிவாகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வேலை நேரம் என்றால் சம்பளமும் வேண்டுந்தானே?

ஒன்ராறியோவில் 2017 யூலை 1 முதல் ட்ரெயிலர் இழுக்கும் ட்ரக் லைசென்சுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். சேர்க்கிள் செக்கும் அதில் அடக்கம். படித்ததைச் செய்ய நேரம் தருகிற இடமாகப் பார்த்து வேலைக்குச் சேருங்கள் என்கிறேன் பெடியளிடம். நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: செக் பண்ணும் நேரத்துக்குச் சம்பளம் உண்டோ? பெருங்குறை கண்டு வண்டியை எடுக்க மறுத்தால் அன்றைய கூலி என்னாகும்? போன கிழமை ஒரு பெடியன் மூன்று கொம்பனியில் கேட்டிருக்கிறான். இரண்டில் மழுப்பினார்களாம். மூன்றாவதில் இரண்டுக்கும் மணிக்கணக்கில் தருவதாக எழுதியே கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அங்கே தொடங்குகிறான்.

அன்புடன்,
ரொறொன்ரோவிலிருந்து